கடமான் பதிவேட்டில் நான் எழுதிய பொய்

போன மாதம் பூங்கா அலுவலகத்திலிருந்து ரேஞ்சர் போன் செய்தார். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. அவர் எனக்குப் பின்னால் வந்தவர், முகம் பார்த்ததில்லை. விலங்குகளைப் பராமரிக்கும் வேலைக்குப் புதிதாக ஆறு பேரை எடுக்கிறார்களாம். எல்லோரும் கல்லூரி முடித்தவர்கள். வேலைக்கு வருவதற்கு முன்பே எதையாவது படித்துவிட்டு வருகிறோம், என்ன படிக்கலாம் என்று அவர்களே கேட்டிருக்கிறார்கள்.

"நீங்கதான் இங்க ரொம்ப வருசம் இருந்தவங்கன்னு சொன்னாங்கம்மா. படிக்க வேண்டியதுன்னு ஒரு பத்துப் புத்தகம் எழுதிக் குடுத்தீங்கன்னா வாங்கி வெச்சிருவோம்" என்றார்.

"நான் பத்தாவதுதானுங்க சார் படிச்சது" என்றேன்.

"அதனால என்னம்மா? நீங்க படிச்சதை எழுதுங்க போதும்."

நான் படித்தது என்று பார்த்தால் முழுசாக இரண்டு புத்தகம்கூடத் தேறாது. ஆனால் படிக்காமல் விட்டது ஒன்று உண்டு. அதைப் படித்திருந்தால் ஒரு மனிதரின் கால் நன்றாக இருந்திருக்கும். பட்டியலில் முதலில் அதைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. அதை வெறும் பெயராக எழுதினால் யாருக்கும் புரியாது. அதனால் நடந்ததையே எழுதிவிடுகிறேன்.

எங்களுக்கு ராசிபுரம். அப்பாவுக்குப் பட்டுத்தறி. வீட்டில் ஒரு ஆட்டுக்குட்டிகூட வளர்த்ததில்லை. கல்யாணமாகிச் சேலத்துக்கு வந்தேன். வீட்டுக்காரர் வடநாட்டுக்கு லாரி ஓட்டுகிறவர். போனால் திரும்பி வர மூன்று வாரம் ஆகும். வனத்துறை நாற்றங்காலில் பைக்கு மண் நிரப்பும் கூலி வேலைக்குப் போனேன். அங்கிருந்து மலையடிவாரத்தில் இருந்த சின்னப் பூங்காவுக்குத் தழை வெட்டிப் போட ஆள் வேண்டும் என்று அனுப்பினார்கள். தழை வெட்டப் போனவள் இருபத்தாறு வருடம் அங்கேயே இருந்துவிட்டேன். முதல் மூன்று வருடம் கூண்டு கழுவுவது, சாணி அள்ளுவது, கால் நனைக்கும் தொட்டியில் மருந்துத் தண்ணீர் மாற்றுவது. அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

வேலை கற்றுக்கொண்டேன் என்றால் அது டாக்டர் வந்த பிறகுதான். கால்நடை மருத்துவர். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். வாரத்துக்கு இரண்டு நாள் நாமக்கல்லிலிருந்து பழைய மொபெட்டில் வருவார். வந்ததும் எந்த விலங்கையும் பார்க்க மாட்டார். அலுவலக வாசலில் நின்றபடியே பதிவேட்டை வாங்கிப் படிப்பார். ஒவ்வொரு அடைப்புக்கும் ஒரு நீளமான நோட்டு உண்டு. காலையில் எத்தனை உருப்படி இருந்தது, எவ்வளவு தழை போட்டோம், எவ்வளவு மிச்சம், சாணம் எப்படி, ஏதாவது நொண்டுகிறதா என்று தினமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் கையில் சிவப்புப் பென்சில் இருக்கும்.

முதல் முறை என் நோட்டில் "ஒரு மான் சோர்வு" என்று எழுதியிருந்தேன். "சோர்வு" என்ற சொல்லை வட்டம் போட்டார்.

"ஏனுங்க, இது நீங்க பாத்ததுங்களா, நெனச்சதுங்களா?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை.

"சோர்வுன்னா என்னங்க? படுத்துக்கிட்டே இருந்துச்சா? காது தொங்கிப் போச்சா? அசை போடலீங்களா? அதை எழுதுங்க. சோர்வா இல்லையாங்கறத நான் சொல்றேன்."

கோபமாகச் சொல்ல மாட்டார். யாரிடமும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அந்தச் சிவப்பு வட்டம் ஒரு வருடம் என்னை விடவில்லை. "நன்று" என்று எழுதினால் வட்டம். "வழக்கம்போல்" என்று எழுதினால் வட்டம். மருந்து கொடுக்கும் முன் அடைப்புக்கு வெளியே கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நாங்களும் நிற்க வேண்டும். பிறகு, என்ன பார்த்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்பார். நான் பத்து விஷயம் சொன்னால் அதில் ஆறு நினைத்ததாக இருக்கும்.

குளம்புள்ள விலங்குகளைப் பற்றித் தடிமனான இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை அவர்தான் எனக்குக் கொடுத்தார். கையடக்க அகராதி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு அரைப் பக்கம் படித்தேன். தீவனம், குளம்பு, குட்டி வளர்ப்பு எல்லாம் படித்தேன். நடத்தை என்று ஒரு அத்தியாயம் இருந்தது. அதில் படமே இல்லை. அதை விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் படிக்கச் சொன்னார். அலுவலக அலமாரியின் அடித்தட்டில் எங்களுக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் எழுதிய பழைய பதிவேடுகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. "நேரம் கெடைக்கறப்ப ஒண்ணொண்ணா எடுத்துப் படிங்க" என்றார். சரிங்க என்றேன். எடுக்கவில்லை. கரையான் அரித்த நோட்டில் பத்து வருடத்துக்கு முன் எந்த மான் எவ்வளவு தவிடு தின்றது என்பதைத் தெரிந்து என்ன செய்யப் போகிறோம் என்று இருந்துவிட்டேன்.

அந்த வருடம் என் மகளைப் பதினொன்றாம் வகுப்புக்கு நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் சேர்த்திருந்தோம். மாதம் ஒரு ஞாயிறுதான் பார்க்க விடுவார்கள். வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் பூட்டைத் திறந்து நானே உள்ளே போய் நானே விளக்குப் போட வேண்டும்.

அப்போதுதான் வாழப்பாடிப் பக்கமிருந்து அந்தக் கடமான் குட்டி வந்தது. மரவள்ளிக் காட்டுக்குள் நாய்கள் துரத்திக்கொண்டிருந்ததை ஒரு விவசாயி பார்த்து, துண்டில் சுற்றி எடுத்து வந்து வனக்காவலரிடம் கொடுத்திருக்கிறார். ஆண் குட்டி. பிறந்து ஒரு வாரம் இருக்கும். தொப்புள் இன்னும் காயவில்லை. பின்னங்காலில் பல் பட்ட காயம்.

டாக்டர் என்னிடம் ஒப்படைத்தார். ஆட்டுப்பால், வெதுவெதுப்பாக, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை. குட்டி நின்றபடி தலையைத் தூக்கிக் குடிக்க வேண்டும். படுக்க வைத்து ஊட்டினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். குடித்த பிறகு ஈரத்துணியால் வாலுக்கு அடியில் தடவ வேண்டும். தாய் நக்குவது போல. அப்படிச் செய்தால்தான் குட்டி மூத்திரமும் புழுக்கையும் போகும். வாரத்துக்கு ஒரு நாள் சாக்கில் வைத்துத் தொங்கு தராசில் எடை. பகலில் நான், இரவுக்குக் காவல்காரர்.

இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியாகச் சொன்னார்: "பேரு வெக்காதீங்க. பேசாதீங்க. பால் குடுத்தமா, சுத்தம் பண்ணினமா, வெளிய வந்தரோணும். மூணாவது மாசம் தழை நல்லாத் தின்னதும் மந்தைக்குப் பக்கத்து அடைப்புக்கு மாத்தீரலாம். கம்பிக்கு இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் மந்தை. அதுக்கப்பறம் உள்ள உட்ரலாம். ஆண் குட்டிங்க. ஞாபகம் வெச்சுக்கங்க."

முதல் வாரமே பெயர் வைத்துவிட்டேன். மணி. எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது.

என்னுடன் மான் பக்கம் வேலை பார்த்தவர் மாரப்பண்ணன். பனமரத்துப்பட்டிக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பூங்காவில் என்னை மட்டும் அம்மிணி என்பார். விலங்குகளை எல்லாம் சாமி என்பார். மணி இரண்டு மாதத்தில் அவர் பின்னாலும் ஓட ஆரம்பித்தது. சட்டைப் பையை முட்டி முட்டித் தேடும். அவர் வெல்லம் வைத்திருப்பார். நான் கூப்பிட்டால் எங்கிருந்தாலும் காதைத் திருப்பிக்கொண்டு வரும்.

மூன்றாவது மாதம் முடிந்தது. மணி தழை தின்னப் பழகியிருந்தது. அகத்தி, ஆலந்தழை எல்லாம் போட்டதைக் காம்போடு தின்றது. அதைப் பக்கத்து அடைப்புக்கு மாற்றினால் நான் உள்ளே போக முடியாது. அன்று காலை பதிவேட்டை எடுத்து, "தழை சரியாகத் தின்னவில்லை. பால் கொடுக்கப்பட்டது" என்று எழுதினேன். இன்னும் நான்கு நாள் என்றுதான் நினைத்தேன்.

டாக்டர் வந்தார், படித்தார், சிவப்பு வட்டம் போடவில்லை. ஏனென்றால் நான் அவர் சொல்லிக்கொடுத்தபடியே எழுதியிருந்தேன். தின்னவில்லை என்பது பார்த்த செய்தி அல்லவா? "செரி, இன்னும் ஒரு வாரம் போகட்டுங்க" என்று கையெழுத்துப் போட்டார். நான் மறுவாரமும் எழுதினேன். அதற்கடுத்த வாரமும் எழுதினேன். ஒன்றரை மாதத்துக்கு மேல் அப்படியே ஓட்டினேன்.

பிறகு ஒரு வழியாக மந்தைக்குள் விட்டார்கள். ஆனால் மணி மற்ற மான்களோடு ஒட்டவே இல்லை. அவை மரத்தடியில் படுத்திருக்கும். இது கம்பியோரம் எங்களைப் பார்த்து நிற்கும். பார்வையாளர்களுக்கு அதுதான் பிடித்தது. கம்பி வழியாக மூக்கைத் தொட விடுகிற மான் வேறு எங்கே இருக்கிறது?

மூன்று வருடம் போனது. முதலில் ஒற்றைக் குச்சியாக முளைத்த கொம்பு அடுத்தடுத்து விழுந்து முளைத்துக் கிளை விட்டது. மழை ஓய்ந்து பனி தொடங்கிய சமயம். கொம்பின் மேல் இருந்த மென்தோல் உரிந்து, எலும்பு போல முற்றி, மரத்தில் தேய்த்துத் தேய்த்துப் பழுப்பாகியிருந்தது. மற்ற கிடாக்களைத் துரத்துகிறது என்று அதைத் தனி அடைப்புக்கு மாற்றியிருந்தோம். தனி அடைப்புக்குள் இரண்டு பேராகத்தான் போக வேண்டும், முட்ட வந்தால் தடுக்க ஆளுக்கொரு மரத்தட்டி கையில் இருக்க வேண்டும் என்பது விதி. மணி விஷயத்தில் நாங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை.

காலை பத்து மணி இருக்கும். நான் வெளியே நின்று தண்ணீர்த் தொட்டிக் குழாயைத் திருகிக்கொண்டிருந்தேன். யாரோ முறுக்குத் தின்றுவிட்டுப் பாலித்தீன் கவரை உள்ளே வீசியிருந்தார்கள். மான் அதை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். மாரப்பண்ணன் கதவைத் திறந்து அதை எடுக்கப் போனார். கையில் ஒன்றும் இல்லை.

மணி அந்தக் கோடியிலிருந்து வந்தது. நேராக வரவில்லை. உடம்பைப் பக்கவாட்டில் காட்டிக்கொண்டு, காலை விறைப்பாக ஊன்றி, மெதுவாக வந்தது. தலையைச் சாய்த்திருந்தது. கண்ணுக்குக் கீழே கடமானுக்கு ஒரு குழி இருக்கும். அது விரிந்து உள்சதை தெரிந்தது. இத்தனையும் நான் பார்த்தேன். ஒவ்வொன்றும் இன்று வரை கண்ணில் நிற்கிறது. பார்த்துவிட்டு நான் சொன்னது இதுதான்:

"அண்ணா, உங்க பையன் வெல்லத்துக்கு வாரானுங்க."

"இன்னிக்கு இல்லையே சாமி" என்று அவர் சிரித்தபடி குனிந்து கவரை எடுத்தார்.

இரண்டே தாவல். தொடைக்குள் கொம்பு இறங்கியது. அவரைத் தூக்கிக் கம்பி வேலியில் அடித்தது. அவர் விழுந்ததும் பின்னால் போய் மறுபடி தலையைத் தாழ்த்தியது. அவர் கத்தவில்லை. "அம்மிணி, அம்மிணி" என்று சின்னக் குரலில் கூப்பிட்டார்.

தட்டி கொட்டகையில் இருந்தது. எடுத்து வர நேரமில்லை. பக்கத்து அறைக்குப் போகும் இழுப்புக் கதவு நான் நின்ற இடத்திலிருந்து பத்தடி. ஓடிப்போய் அதன் சங்கிலியை இழுத்துத் தூக்கினேன். தவிட்டு வாளியைக் கம்பியில் தட்டினேன். "மணி! வாடா மணி! வா சாமி!" என்று பால்புட்டியோடு நிற்கும்போது கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டேன்.

அது நின்றது. காதைத் திருப்பியது. கொம்பில் ரத்தம் வழிய, சின்னக் குட்டியாக இருந்தபோது வந்தது போலவே தலையை ஆட்டிக்கொண்டு என்னிடம் வந்தது. அறைக்குள் நுழைந்து வாளியில் வாய் வைத்தது. கதவை இறக்கினேன்.

தொடையை என் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டி, பூங்கா ஜீப்பில் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெரிய ரத்தக்குழாய்க்கு ஒரு விரல் தள்ளிக் கொம்பு இறங்கியிருந்தது. தொடை எலும்பு இரண்டாக ஒடிந்திருந்தது. உயிருக்குப் பயமில்லை, நடை மட்டும் பழைய மாதிரி வராது என்றார்கள்.

நான்காவது நாள் அவரைப் பார்க்கப் போனேன். அவர் மனைவி ஒரு ஸ்டூலை எனக்குத் தள்ளிப் போட்டார். மாரப்பண்ணன் கண்ணைத் திறந்ததும் கேட்டது இதுதான்:

"அவன எதாச்சும் பண்ணிப்போட்டாங்களா அம்மிணி?"

"இல்லீங்கண்ணா. உள்ளதான் இருக்கறான்."

"பாவம், அவனுக்கு என்ன தெரியும்?"

என்னால் அதற்கு மேல் சும்மா உட்கார முடியவில்லை. குட்டி தழை தின்னவில்லை என்று எழுதியதெல்லாம் பொய் என்று சொன்னேன். எத்தனை நாள், எதற்காக என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மனைவி வெளியே எழுந்து போய்விட்டார். அவர் மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தபடி பேசினார்.

"நீ எழுதுனத நம்பித்தான் நானும் தெனம் பால் கொண்டாந்து குடுத்தேன்" என்றார். "நாங்கூடக் கேட்டேன், நல்லாத்தான திங்கறான்னு. காலைல வாயில வாங்கித் துப்பிப் போடறான்னு சொன்ன. சொன்னியா இல்லியா?"

"சொன்னேனுங்க."

"ஊட்டுக்குப் போ அம்மிணி. இப்ப ஒண்ணும் பேச வேண்டாம்."

மறுநாள் டாக்டர் வந்தார். அதற்குள் அலுவலகத்தில் அறிக்கை தயாராகி இருந்தது; எதிர்பாராத விபத்து என்று எழுதியிருந்தார்கள். அதில் என் சாட்சிக் கையெழுத்து வேண்டும். நான் டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த வருடத்துக் கடமான் பதிவேட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கம் வரைக்கும் தழை தின்னலைன்னு எழுதியிருக்கறது பொய்ங்க. தின்னுச்சுங்க. நாந்தான் மாத்தி எழுதினேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து பதிவேடு படித்ததை அன்றுதான் பார்த்தேன். பக்கம் பக்கமாகத் திருப்பினார். விரல் வைத்து எண்ணினார்.

"நாப்பத்தாறு நாளுங்க" என்றார்.

"ஆமாங்க."

"எதுக்குங்க?"

"அது கத்தும்னு..." என்று தொடங்கினேன். பிறகு, "எனக்குத்தானுங்க முடியல. ஊட்டுல யாருமில்லீங்க" என்றேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். நான் கேட்டேன்: "அன்னிக்கே மாத்தியிருந்தா இது நடந்திருக்காதுங்களா?"

"தெரியாதுங்க. மூணாவது மாசத்துல மாத்தியும் கெட்டுப்போன கிடா இருக்குது. மாத்தாம நல்லா இருந்ததும் இருக்குது. கையில வளந்த கிடாவுக்கு மனுசங்கன்னா பயமில்லை. மனுசன இன்னொரு கிடான்னு நெனச்சுக்கும். கொம்பு முத்துனா சண்டைக்கு வரும். அந்தப் புத்தகத்துல ஒரு அத்தியாயமே இருக்குதுங்களே."

படம் இல்லாத அத்தியாயம்.

பொய் எழுதிய வரிகளை அடித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"அடிக்காதீங்க" என்றார் உடனே. "அடிச்சா பின்னால வாரவங்களுக்கு எது பொய், எது நெசம்னு தெரியாமப் போயிரும். ஒவ்வொரு வரிக்கும் கீழ, இது உண்மையல்லன்னு எழுதி, இன்னைக்குத் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க."

நாற்பத்தாறு இடத்தில் எழுதினேன். மத்தியானம் வரை ஆனது. முடித்ததும் நோட்டை வாங்கி, கடைசிப் பதிவின் கீழே அவரே ஒரு வரி எழுதினார். குட்டி தீவனம் தின்பதை நேரில் நின்று பார்க்காமல், பராமரிப்பாளர் எழுதியதை வைத்தே நானும் கையொப்பமிட்டேன் என்று எழுதி, தன் பெயரைப் போட்டார். அவரை யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை.

அறிக்கையை மாற்றி எழுதினார்கள். எனக்குக் குற்றக் குறிப்பாணை வந்தது. மான் பக்கத்திலிருந்து பறவைக் கூண்டுகளுக்கு மாற்றினார்கள். அங்கே போவதற்கு முன் அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய பதிவேடுகளை எடுத்தேன். தூசி தட்டித் தினம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். மூன்றாவது கட்டுக்குள் ஒரு புள்ளிமான் நோட்டு இருந்தது. எனக்கு முன்னால் இருந்த யாரோ ஒருவர், பெயரைக் கரையான் தின்றுவிட்டது, பென்சிலில் எழுதியிருந்தார்: "புட்டிப்பால் கிடா இன்று என்னை முட்டியது. விலா வலி. கொம்பு முற்றியபின் இதை நம்பி உள்ளே போக வேண்டாம்." நான் தினம் தவிட்டு அளவை எழுதிய மேஜைக்குப் பக்கத்து அலமாரியிலேயே அது அத்தனை வருடமும் கிடந்திருக்கிறது.

மணியைக் கொல்லவில்லை. வருடா வருடம் கொம்பு முற்றியதும் மயக்க ஊசி போட்டு அறுத்தார்கள். முற்றிய கொம்பை அறுப்பது நகம் வெட்டுவது மாதிரி, வலிக்காது. மந்தையோடு மறுபடி விடவில்லை. தனியாகவே ஒன்பது வருடம் இருந்தது. என் குரல் கேட்டால் கம்பிக்கு ஓடி வருகிறது என்பதால் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பறவைக் கூண்டுக்குப் போகக் குளத்தைச் சுற்றி வேறு பாதை பிடித்தேன். அது செத்த அன்றுதான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கழுத்து மயிர் எல்லாம் நரைத்திருந்தது.

மாரப்பண்ணன் ஏழு மாதம் கழித்து ஊன்றுகோலோடு வேலைக்கு வந்தார். நுழைவுச்சீட்டு கிழிக்கும் இடத்தில் உட்கார வைத்தார்கள். தினம் அவரைத் தாண்டித்தான் நான் உள்ளே போக வேண்டும். வணக்கம் சொல்வேன். அவர் வேறு பக்கம் பார்ப்பார். மழைக்காலம் ஒன்று முழுக்க அப்படியே போனது. ஒரு நாள் காலை நான் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்தபோது, "அம்மிணி, அந்தக் கூழைக்கடா ரெக்கை தேறிருச்சா?" என்று கேட்டார். என் கூண்டிலிருந்த அந்தப் பறவைக்கு இறக்கை தேறிவிட்டது, நேற்று மீனை முழுசாக விழுங்கியது என்றேன். "அப்பச் செரி" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் பழையபடி பேசினோம். அந்த விஷயத்தை மட்டும் இருவரும் எடுத்ததில்லை.

ரேஞ்சருக்கு நான் அனுப்பிய பட்டியலில் பெயர்கள் அதிகமில்லை. டாக்டர் கொடுத்த குளம்பு விலங்குப் புத்தகம், நடத்தை அத்தியாயத்தை முதலில் படிக்கவும் என்று குறிப்போடு. நம் பக்கத்துப் பறவைகளுக்குப் படம் போட்ட கையேடு ஏதாவது ஒன்று. மீதியெல்லாம் பதிவேடுகள். அந்தப் புள்ளிமான் பக்கம், என் நாற்பத்தாறு நாள் பக்கங்கள். அவற்றை நகல் எடுத்து ஆளுக்கொரு கட்டாகக் கொடுங்கள் என்று எழுதியிருந்தேன்.

ரேஞ்சர் மறுபடி போன் செய்தார். குரலில் தயக்கம்.

"அம்மா, இதுல உங்க பேரு இருக்கு. குற்றக் குறிப்பாணை நம்பர்கூட இருக்கு. வெளியாட்களுக்கு இதைக் குடுக்கலாமா?"

"அவங்க வெளியாளுங்க இல்லீங்க சார். கதவத் தொறந்துக்கிட்டு உள்ள போகப் போறவங்க."

"பேரை மட்டும் மறைச்சிடட்டுமா?"

"வேண்டாமுங்க. சந்தேகம் இருந்தா எனக்கே போன் பண்ணச் சொல்லுங்க."

அவர் சரி என்றார். நகல் எடுத்துவிட்டதாக நேற்றுச் செய்தி வந்தது.

அந்தக் கட்டோடு இன்னொரு நோட்டின் பக்கங்களையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு, ஆள் குறைந்துபோனதால் என்னை மறுபடி மான் பக்கம் போட்டார்கள். டாக்டர் அதற்குள் ஓய்வு பெற்று ஊருக்குப் போயிருந்தார். அந்தக் கோடையில் மேட்டூர்ப் பக்கக் காட்டிலிருந்து இன்னொரு கடமான் குட்டியைக் கொண்டுவந்தார்கள். இதுவும் ஆண். வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றேன். புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவர் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள் என்றார்கள்.

அறைக்கு நடுவில் சாக்குப் படுதா கட்டினேன். அதில் ஒரு ஓட்டை போட்டு, புட்டியின் காம்பை மட்டும் அதன் வழியாக நீட்டினேன். சுத்தம் செய்ய உள்ளே போகும்போது, மான் சாணம் தேய்த்த அதே பழுப்பு மேலங்கியை எப்போதும் போட்டுக்கொண்டு, தலையையும் மூடிக்கொண்டு போவேன். பேசவில்லை. இருமல் வந்தால் வெளியே போய் இருமினேன். குட்டி கத்தும். கடமான் குட்டியின் கத்தல் மனிதக் குழந்தை அழுவது போலத்தான் இருக்கும். படுதாவுக்கு இந்தப் பக்கம் புட்டியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு.

எண்பத்தெட்டாம் நாள் முழுத் தழை தின்றது. அன்றைக்கே எழுதினேன். தொண்ணூறாம் நாள் மந்தைக்குப் பக்கத்து அடைப்பு. நூற்றுப் பத்தொன்பதாம் நாள் இடைக்கதவைத் திறந்தோம். ஒரு கிழப் பெட்டைமான் வந்து மோந்து பார்த்தது. குட்டி அதன் பின்னால் போய்விட்டது.

ஒரு வருடம் கழித்து, ஒற்றைக் குச்சிக் கொம்புகள் முளைத்த மூன்று இளங்கிடாக்கள் அந்த மந்தையில் இருந்தன. மூன்றும் ஒரே அளவு, ஒரே நிறம். காதில் எண் தகடு உண்டு; ஆனால் அதைப் படிக்கிற தூரத்தில் அவை நிற்கவே நிற்காது. ஒரு நாள் காலை நானும் இன்னொருவரும் தட்டி பிடித்துக்கொண்டு, தழைக்கட்டுகளோடு கதவைத் திறந்தோம். திறந்த சத்தத்துக்கே தலைகள் நிமிர்ந்தன. ஒன்று குளம்பால் தரையைத் தட்டியது. அடுத்த நொடி மொத்த மந்தையும் புழுதி கிளப்பிக்கொண்டு அந்தக் கோடிக்கு ஓடியது.

ஓடியதில் எது நான் வளர்த்தது என்று பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தழையைப் போட்டுவிட்டு, கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு வந்தோம்.